அந்தோணியம்மாளும் ஒரு முழக் கயிறும்

அந்தோணியம்மாள் எதையும் ஒருமுறை பார்த்து நம்பியவள் அல்ல. மண்ணெண்ணெய் வாங்கினால் விரலில் தொட்டு முகர்ந்து பார்ப்பாள். ரேஷன் அரிசியைக் கடை வாசலிலேயே முறத்தில் கொட்டிப் பரப்புவாள். பின்னால் நிற்பவர்கள் கத்தினால் கத்தட்டும். அடையாறு கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே இருந்த அவர்கள் குப்பத்தில் அத்தனை பேருக்கும் அவள் குணம் தெரியும். "அந்தோணியக்காகிட்ட செத்த மீனக் காட்டினாக்கூட, நெசமா செத்துச்சான்னு நாலு வாட்டி தட்டிப் பாக்கும்" என்பார்கள்.

ஆனால் வலை கிழிந்தாலும் கயிறு நைந்தாலும் அவளிடம்தான் வருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிடுவாள். நூறு கஜத்தில் ஒரு புரி விட்டிருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். மர ஊசியை எடுத்து அவள் பின்னிக் கொடுத்த இடம் எது, பழைய இடம் எது என்று பின்னியவளைத் தவிர யாராலும் சொல்ல முடியாது.

அந்த விரல் சும்மா வந்ததல்ல. பதினாறு வயதில் கரைவலை இழுக்கும் ஆட்களோடு அவளும் நின்றாள். கயிற்றில் ஓரிடம் இற்றுப் போயிருந்ததைப் பார்த்துச் சொன்னாள். ஆம்பிளைகள் சிரித்தார்கள். கால் மணி நேரத்தில் அந்த இடமே அறுந்தது. அறுந்த நுனி சாட்டை போல எகிறி வந்து அவள் இடது காரை எலும்பை முறித்தது. முட்டை வெள்ளைக்கருவில் துணி நனைத்துக் கட்டியதில் எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. தோளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு முண்டு நின்றுவிட்டது. அன்றைக்கு இரண்டு விஷயம் அவள் மனதில் பதிந்தன. கயிறு அறுந்தால் ஆள் போவான் என்பது ஒன்று. சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் சொல்லாமல் தானே சரி செய்துவிட வேண்டும் என்பது இன்னொன்று.

கல்யாணம் ஆனது. புருஷன் காசிமேட்டுக்கு இஞ்சின் படகு வேலைக்குப் போனான், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். அவள் தேடிப் போகவில்லை. அம்மா இறந்தபோது கைக்குழந்தையாக இருந்த தம்பி சூசையை வளர்த்து ஆளாக்கினாள். அவளுக்கு நாற்பத்தோரு வயது ஆனபோது அவனுக்கு இருபத்துநாலு. வேறு யாரும் இல்லை. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளுக்கு வீடு என்று சொல்ல நான்கு ஓலைதான் மிஞ்சும்.

1974இல் தை பிறந்து சில நாளில் ஒரு பழைய லாரி வந்தது. குப்பத்துக்கு மேற்கே, வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து எண் எழுதிய கல் நட்டு, இன்னும் வீடு கட்டாமல் போட்டிருந்த மணல்வெளி. மரம் கிடையாது, மேடு கிடையாது. அந்தக் கோடியில் ஒருவன் துண்டை உதறினால் இந்தக் கோடியில் தெரியும். லாரி கடல் பக்கத்துக் கோடியில் நின்றது. பின்சக்கரம் ஒன்றைக் கழற்றிவிட்டு, அச்சை முட்டுக்கொடுத்துத் தூக்கி, அந்த இடத்தில் அண்டா அளவுக்கு ஓர் இரும்பு உருளையை மாட்டினார்கள். அதில் முந்நூறு கஜம் நைலான் கயிறு. இஞ்சினை முடுக்கினால் உருளை சுற்றும், கயிறு சுருளும். அதை வின்ச் என்றார்கள். ஓட்டுகிறவன் பொன்னுரங்கம், கோடம்பாக்கத்து ஸ்டூடியோவில் கேமரா தூக்கும் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன்.

மேற்குக் கோடியில் ஒருவன் தோளிலும் தொடையிலும் பட்டை வார் மாட்டிக்கொண்டு நிற்பான். அவன் முதுகுக்குப் பின்னால் பாராசூட் துணி மணலில் விரிந்து கிடக்கும். இரண்டு பேர் விளிம்பைத் தூக்கிப் பிடிப்பார்கள். கடற்காற்று உள்ளே புகுந்து துணி உப்பும். பச்சைக் கொடி காட்டியதும் வின்ச் இழுக்கும். நாலு அடி ஓடுவான், ஐந்தாவது அடிக்குக் காலுக்குக் கீழே தரை இருக்காது. காத்தாடி ஏறுகிற மாதிரி ஏறுவான். மேலே போனதும் மார்புக்கு எதிரே இருக்கும் கொக்கியை இழுத்துக் கயிற்றைக் கழற்றிவிட்டு மெல்ல இறங்குவான். மலை இல்லாத ஊரில் மனிதன் பறப்பதற்கு இதுதான் வழி என்று ஜவஹர் சொன்னார். லாரியையும் ஆட்களையும் கொண்டுவந்தவர் அவர்தான். ராணுவத்தில் பாராசூட்டில் குதித்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூரில் குடியிருந்தார். அதட்டிப் பேச மாட்டார். அந்தோணியம்மாளுக்கு அதுவே சரியாகப் படவில்லை. ராணுவத்துக்காரன் ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறான்?

பறக்கிறவன் கடலில் விழுந்தால் தூக்குவதற்குக் கட்டுமரம் வேண்டும் என்று ஜவஹர் குப்பத்தில் கேட்டார். சூசை போனான். இரண்டு வாரத்தில் அவனே பறக்க ஆரம்பித்தான். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அய்யாதுரை, கடையின் புது மாடித் திறப்பை ஊருக்குச் சொல்ல, கடைப் பெயர் எழுதிய துணியோடு ஒருவனைக் கடற்கரை மேல் பறக்கவிடுவது என்று ஏற்பாடு செய்திருந்தார். மாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காற்றைப் பார்த்துக் கொடி காட்ட ஜவஹர் கீழே நின்றாக வேண்டும். அதனால் மேலே போவது சூசை.

"பட்டணத்துல ஆளே இல்லியா? மைலாப்பூர்ல படிச்ச புள்ளைங்க இல்லியா? உன்ன இன்னாத்துக்குப் புடிச்சான்?" என்று கேட்டாள் அந்தோணியம்மாள்.

"நான் வெயிட்டு கம்மியாம். நீச்சல் தெரியுமாம். பயப்படலயாம்."

"அதெல்லாம் அவன் சொன்னது. நெசம் இன்னா?"

"யக்கா, மேலருந்து பாத்தா மீன் கூட்டம் கருப்பா தெரியுதுக்கா. கட்டுமரத்துல குந்திக்கினா அதெல்லாம் தெரியுமா?"

"தெரிஞ்சி? மேலருந்து கூப்புட்டா வந்து வலைல உழுந்துடுமா?"

சூசை சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டான். அவன் எதையும் நம்புகிறவன். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சந்தேகப்படும் வேலை அவளுடையது.

அவள் கவனிக்க ஆரம்பித்தாள். ஜவஹர் டேப் கொண்டுவந்து சூசையின் தோளிலிருந்து தொடை வரைக்கும், பிறகு மார்பைச் சுற்றியும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். வார் தைக்க என்றார். அவள் கண்ணுக்கு அது சவப்பெட்டிக்கு அளவெடுப்பதாகத் தெரிந்தது. ஒரு நாள் அவனை அழைத்துப்போய் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, என்ன வகை ரத்தம் என்று ஒரு சீட்டு வாங்கி வந்தார்கள். பறக்கப் போகிறவனுக்கு ரத்தத்தின் வகை எதற்கு? ரத்தம் கொட்டப் போகிறது என்று முன்பே தெரிந்தவனுக்குத்தான் அது வேண்டும். ஒரு காகிதத்தில் அவனிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று சூசைக்குத் தெரியவில்லை.

"படிச்சிப் பாக்காம போட்டியா?"

"சார் படிச்சிக் காட்டினாரு. ஜாக்கிரதயா பறப்பேன்னு எய்திருந்துச்சி."

"ஜாக்கிரதயா பறக்கிறதுக்கு இன்னாத்துக்குடா கையெய்த்து?"

எல்லாவற்றையும் விட அவளை உறுத்தியது ஒரு வெட்டுக்கத்தி. வின்ச் உருளைக்குப் பக்கத்துப் பலகையில், பிடியில் சிவப்புத் துணி சுற்றி, பளபளவென்று தீட்டி வைத்திருந்தார்கள். கயிறு இழுக்கிற இடத்தில் கத்திக்கு என்ன வேலை? பொன்னுரங்கத்திடமே கேட்டாள்.

"இன்னா யம்மா, எல்லாத்தயும் கேட்டுக்கினே கீற? அவசரத்துக்கு வச்சிகீது."

"இன்னா அவசரம்?"

"வந்தா தெரியும்."

வந்தால் தெரியும் என்கிறான். அப்படியென்றால் வரப்போவது என்ன என்று இவனுக்கு இப்போதே தெரியும். அன்றே அவள் ஜவஹரிடம் போய், கயிற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். எதிரியின் வீட்டுக்குள்ளேயே இருந்து பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டாள். ஜவஹர் அவள் விரல் ஓடுவதை இரண்டு நிமிடம் பார்த்தார். "கயிறு இனிமே உங்க பொறுப்பும்மா" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். அதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

முதல் நாளே நைந்த இடம் இரண்டைக் கண்டுபிடித்துப் பின்னிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் கயிற்றின் கடைசி முனைக்கு வந்தாள். அங்கே விரல் நின்றது.

நைலான் கயிறு பெருவிரல் கனம். அது முடிகிற இடத்தில் ஓர் இரும்பு வளையம். வளையத்துக்கு அப்பால் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைப் பருத்திக் கயிறு, சுண்டு விரலில் பாதிகூட இல்லை. அதன் மறுமுனையில் இன்னொரு வளையம். அதுதான் சூசையின் மார்புக் கொக்கியில் மாட்டுகிறது. லாரி, உருளை, முந்நூறு கஜம் நைலான் எல்லாவற்றையும் அவள் தம்பியோடு சேர்த்துப் பிடித்திருந்தது அந்த ஒரு முழம்தான். துணி காயப்போடக்கூட அவள் அதைக் கட்ட மாட்டாள்.

"இத மட்டும் நீங்க தொடாதீங்கம்மா" என்றார் ஜவஹர். "இத நான் பாத்துக்கறேன்." அதேபோல் பத்துப் பன்னிரண்டு துண்டுகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் தானே எடுத்து மாட்டுவார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பொய் சொல்வார். அதோடு உஷாராகியும் விடுவார்.

அடுத்த வாரம் அவளுக்குச் சாட்சியும் கிடைத்தது. பழகுவதற்காகச் சூசை பனைமர உயரம் ஏறியபோது காற்று ஒரு உலுக்கு உலுக்கியது. அந்த வெள்ளைக் கயிறு பட்டென்று அறுந்தது. சூசை பாராசூட்டோடு ஆடி ஆடி இறங்கி மணலில் உட்கார்ந்தான். அவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பொன்னுரங்கம் வந்துவிட்டான்.

"இன்னா சார், பொசுக்கு பொசுக்குனு அறுந்துக்குது! நல்ல கயிறா ஒண்ணு போடக் கூடாதா?"

ஜவஹர் அறுந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அறுந்ததே நல்லதாப் போச்சு" என்றார்.

அந்தோணியம்மாள் அதைத் தன் காதால் கேட்டாள். பறக்கிறவனின் கயிறு அறுந்தது நல்லது என்கிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்? யாருக்கு என்ன ஆதாயம் என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. கடைக்கு விளம்பரம் என்றால், ஆள் பறந்தான் என்பதைவிட ஆள் விழுந்தான் என்பது ஊர் முழுக்கப் பரவும், அதுவாக இருக்கலாம். குப்பத்துப் பிள்ளை விழுந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கையெழுத்தும் இருக்கிறது.

சூசையிடம் சொன்னால் சிரிப்பான். பதினாறு வயதில் சொன்னதற்குக் கிடைத்தது தோளில் முண்டாக நிற்கிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வலை பின்னும் நைலான் நூலில் நாலு புரி எடுத்து முறுக்கினாள். திமிங்கிலத்தைக் கட்டினாலும் தாங்கும். அதன் மேல் வெள்ளைப் பருத்தி நூலை உறை போலப் பின்னினாள். நீளம் ஒரு முழம், கனம் அதே கனம். மணலில் தேய்த்து அதே அழுக்கையும் ஏற்றினாள். இரண்டு நாள் வேலை. வெளியே பார்த்தால் ஜவஹரின் கயிறு, உள்ளே அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜவஹர் வெள்ளைக் கயிற்றை மாட்டிவிட்டு அய்யாதுரையை வரவேற்கப் போனார். கயிற்றுக்குக் காவல் அவள்தான். வளையங்களைக் கழற்றி மாட்ட, மீன் செதில் சீவும் நேரம்தான் ஆனது. கிழக்குக் கோடிக்கு வந்து, பொன்னுரங்கம் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து வெட்டுக்கத்தியையும் எடுத்துத் தன் மீன் கூடையில் போட்டு, மேலே ஓலை போட்டு மூடினாள். பிறகு வின்ச்சிலிருந்து பத்தடி தள்ளிக் கூடையோடு உட்கார்ந்துகொண்டாள். சூசையின் பக்கம் கயிறு இப்போது பத்திரம். இனி இந்தப் பொன்னுரங்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

நாலு மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பஸ்ஸில் வந்தவர்கள், சைக்கிளில் வந்தவர்கள், சுண்டல்காரர்கள். வின்ச்சுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து வெள்ளைப் புடவை கட்டிய ஒரு நர்ஸ் இறங்கி, ஸ்ட்ரெச்சரை இறக்கி மணலில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து கட்டுத்துணியைச் சுருட்ட ஆரம்பித்தாள். தேவானை என்று பெயர்.

"யாருக்கு ஸ்ட்ரெச்சரு?" என்று கேட்டாள் அந்தோணியம்மாள்.

"தேவைப்படறவங்களுக்கு."

"இன்னும் யாரும் உழல."

"உழுந்தப்புறம் போய் எடுத்துக்கினு வர முடியுமா?" தேவானை தலை நிமிரவில்லை. "நீ யாரு?"

"மேல போறவனோட அக்கா."

தேவானை அப்போதுதான் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தோள்ல காரை எலும்பு கோணலா கூடிருக்கு. யாரு கட்டுனது?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டுத் துணியைச் சுருட்டினாள்.

மேற்குக் கோடியில் பச்சைக் கொடி அசைந்தது. பொன்னுரங்கம் இஞ்சினை முடுக்கினான். கயிறு மணலைச் சீய்த்துக்கொண்டு நிமிர்ந்தது. தூரத்தில் ஆரஞ்சு நிறப் பாராசூட் உப்பி எழுந்தது. சூசை நாலு அடி ஓடினான், ஏறினான். கூட்டம் ஓவென்று கத்தியது. அவன் காலுக்குக் கீழே அய்யாதுரை கடைத் துணி பிரிந்தது. பழகியபோது கட்டிய துணி ஒரு வேட்டி அளவுதான். இது மூன்று வேட்டி நீளம் இருந்தது.

தென்னை மரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் போனபோது காற்று திரும்பித் தெற்கிலிருந்து அடித்தது. கடற்கரையில் பிறந்தவளுக்குக் கன்னத்தில் பட்டதுமே தெரிந்தது. பாராசூட் வடக்கே சாய்ந்தது. கயிறு கிழக்கே இழுத்தது. இழுக்க இழுக்க இன்னும் சாய்ந்தது. தலையைத் திருப்பிக்கொண்டு தரையை முட்ட வரும் காத்தாடி மாதிரி. மேற்கே சிவப்புக் கொடி வெறி பிடித்தாற்போல அசைந்தது.

பொன்னுரங்கம் உடனே இஞ்சினை நிறுத்தினான், உருளையை விடுவித்தான். இவன் விட மாட்டான் என்று நினைத்திருந்தவளுக்கு அதுவே திகைப்பாக இருந்தது. ஆனால் உருளையில் கயிறு ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் மாட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கூட அவிழவில்லை. காற்றே இப்போது பாராசூட்டை இழுத்தது, லாரி கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. மேலே சூசை மார்புக் கொக்கியைத் தேடினான். கடைத் துணி காற்றில் முறுக்கி அவன் கை மேலும் கொக்கி மேலும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அறுந்து போ! அறுந்து தொலை!" பொன்னுரங்கம் வானத்தைப் பார்த்துக் கத்தினான்.

அந்தோணியம்மாள் எழுந்தாள். "இன்னாடா சொன்ன?"

"அந்தப் பொட்டிக் கயிறு இந்நேரம் அறுந்திருக்கணும்யம்மா! அது அறுந்தாத்தான் புள்ள பொயப்பான்! அதுக்குத்தானே வச்சிகீது!" அவன் பலகையைத் தடவினான். "கத்தி... கத்தி எங்க? ஐயோ, இங்கதானே வச்சிருந்தேன்! கயித்த வெட்டணும்!"

அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை வைத்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை. கூடையைக் கவிழ்த்தாள். இறால் ஓடுகளும் ஓலையும் கொட்டின, கத்தி விழுந்தது. பொன்னுரங்கம் வாயைப் பிளந்தான்.

"தள்ளு! கயித்துக்கு நேரா நிக்காத!"

இறுகிய கயிறு அறுந்தால் எந்தப் பக்கம் எகிறும் என்று அவள் தோளுக்குத் தெரியும். பக்கவாட்டில் ஒதுங்கி, இடது காலைப் பலகையில் ஊன்றி, உருளை ஓரத்தில் கயிறு படிந்த இடத்தில் கத்தியை ஓங்கிப் போட்டாள். முதல் வெட்டில் பாதி. இரண்டாவதில் கயிறு 'ஙொய்' என்று காற்றைக் கிழித்துக்கொண்டு பறந்தது. பலகையின் ஒரு மூலை சிதறிப் போனது.

மேலே பாராசூட் ஒருமுறை பெரிதாக ஆடியது. சுருங்கியது. பிறகு உப்பி நேரானது. ஆனால் உயரம் மிச்சம் இல்லை. கடைத் துணியும் கயிறுமாகச் சூசை வேகமாக வந்து ஒரு மனைக்கல்லின் ஓரத்தில் விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

அவள் ஓடினாள். தேவானை அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள், ஒரு கையில் பெட்டியோடு. சூசை கண்ணைத் திறந்து வைத்திருந்தான். வலது கணுக்கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"பேர் இன்னா?" என்றாள் தேவானை.

"சூ... சூசை."

"கழுத்து வலிக்குதா? முதுகு? மூச்சு இழுத்து வுடு. சரி." கால்சட்டையை முழங்கால் வரைக்கும் கத்தரியால் கிழித்தாள். பாதத்தின் விரல்களைக் கிள்ளினாள். "தெரியுதா? ஆட்டு. ஆடுது. ரத்தம் ஓடுது, கால் பொயச்சிக்கும்." நிமிர்ந்து அந்தோணியம்மாளைப் பார்த்தாள். "அழறத அப்புறம் வச்சிக்கோ. முட்டிக்கு மேல கெட்டியா புடி. நான் கட்டறப்ப கத்துவான், விட்டுடாத."

கத்தினான். அவள் விடவில்லை.

கட்டி முடிவதற்குள் ஜவஹர் வந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. சூசை பேசுவதைக் கேட்டபிறகுதான் குனிந்து அவன் மார்பிலிருந்து கொக்கியைக் கழற்றினார். வெள்ளைக் கயிறு முழுசாக இருந்தது. அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்துக் கீறினார். பருத்தி உறைக்குள்ளிருந்து நீல நைலான் எட்டிப் பார்த்தது.

"பொன்னுரங்கம்" என்றார், அதே மெதுவான குரலில். "நல்ல கயிறா போடச் சொல்லி நீதானே கேட்டுக்கிட்டிருந்த?"

"சார், மாதா மேல சத்தியம்... நான் மாதாவக் கும்புடறவன் இல்ல, எங்க அங்காளம்மா மேல சத்தியம்! நான் தொடவே இல்ல சார்! கத்தியக்கூட யாரோ..." அவன் அந்தோணியம்மாளைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சொல்லிவிடலாம். அவன் சொல்லவில்லை. தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இத்தனை நாள் எவனைப் பத்தடியில் உட்கார்ந்து வேவு பார்த்தாளோ அவன்.

"அவன வுடு சார்" என்றாள். "நான்தான் மாத்தினேன். கத்தியும் நான்தான் எடுத்தேன்."

சூசை தலையைத் தூக்கினான். "யக்கா?"

"நீ படு."

"ஏம்மா?" என்றார் ஜவஹர்.

"மெல்லிசா இருந்துச்சி. அறுந்ததே நல்லதுன்னு நீயே சொன்ன."

ஜவஹர் கீறிய கயிற்றை அவள் முன்னால் நீட்டினார். "நல்லதுதாம்மா. காத்து கண்டபடி இழுத்தா அதுதான் முதல்ல அறணும். அறுந்தா பாராசூட் நேராயிடும், ஆள் இறங்கிடுவான். அதுக்குன்னே அளந்து வச்ச கயிறு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நெசத்த சொல்லுவன்னு எனக்கு இன்னா தெரியும்? நீயும்தான் ஒரு வார்த்த சொல்லல. தொடாதன்னு பூட்டி வச்ச."

"சொன்னா உங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சேன்" என்றார் அவர். சொன்னபிறகு, அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அய்யாதுரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நின்றார். பட்டுச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "ஏ தாயி, அந்தத் துணிய இன்னைக்குக் காலைல பெருசாக்கித் தைக்கச் சொன்னது நாந்தான். தூரத்துல நிக்கவனுக்கும் எழுத்து தெரியட்டுமேன்னு. யார்கிட்டயும் கேக்கல" என்றார்.

"பேசறவங்கல்லாம் பேசி முடிச்சாச்சுன்னா நாலு பேர் ஸ்ட்ரெச்சர தூக்குங்க" என்றாள் தேவானை.

சூசைக்குக் கணுக்காலின் இரண்டு பக்க எலும்பும் முறிந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டு, பத்து வாரம். அந்தோணியம்மாள் அவனைத் திருப்பிப் படுக்கவைத்தாள், முதுகைத் துடைத்தாள், கட்டுக்குள் அரிக்கிறது என்றபோது வலை ஊசியை விட்டுச் சொறியப் போனவனின் கையில் ஒன்று போட்டாள். அவன் அவளிடம் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் மீன் குழம்பில் புளி ஜாஸ்தி என்றான். அதோடு அது முடிந்தது.

வைகாசியில் ஜவஹர் குடிசைக்கு வந்தார். கையில் அந்தத் தகரப் பெட்டி. சாவியையும் சேர்த்து அவள் முன்னால் வைத்தார்.

"இனிமே இதுவும் உங்க பொறுப்பும்மா."

"எவ்ளோ பாரத்துக்கு அறணும்?"

அவர் சொன்னார். அவள் நம்பவில்லை. சவுக்குக் கம்பு மூன்றை முக்காலியாக நட்டு, ஒரு துண்டுக் கயிற்றில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டாள். ஒரு மூட்டைக்குத் தாங்கியது. இரண்டுக்குத் தாங்கியது. மூன்றாவதை ஏற்றும்போது பட்டென்று அறுந்தது. மூட்டை மணலில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அறுவதற்காக ஒரு கயிற்றைச் செய்வது என்பது அவள் கைக்கு ஏறவே நாலைந்து வாரம் பிடித்தது. அவள் பின்னிய முதல் நாலு துண்டும் மூன்றாவது மூட்டையையும் தாங்கின. "கெட்டி, கெட்டி" என்று பொன்னுரங்கம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவற்றை அவளே அடுப்பில் போட்டாள்.

புரட்டாசியில் சூசை மறுபடி பறப்பேன் என்றான். லேசாகத் தாங்கித்தான் நடந்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொன்னாலும் போவான். காலையில் ஒரே கயிற்றை இரண்டு துண்டாக வெட்டினாள். ஒன்றில் மூட்டைகளைத் தொங்கவிட்டாள். சரியாக மூன்றாவதில் அறுந்தது. மற்றதைச் சூசையின் கொக்கியில் மாட்டினாள்.

மாட்டிவிட்டு விரலை எடுக்காமல் நின்றாள். அறுத்துப் பார்த்த துண்டை நம்பலாம். அது மணலில் கிடக்கிறது. மேலே போகிற துண்டை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, சோதித்தால் அது அறுந்துவிடும், பிறகு மேலே போக முடியாது. இதை அவள் ஜவஹரிடம் கேட்டாள்.

"அதுக்கு என்னம்மா பண்றது?" என்றார் ஜவஹர்.

"இன்னா பண்றதா?"

அவள் மணல்வெளியின் நீளம் முழுக்க நடந்து கிழக்குக் கோடிக்கு வந்தாள். பலகையிலிருந்த வெட்டுக்கத்தியை எடுத்துக் கட்டைவிரலில் கூர் பார்த்தாள். போதாது என்று கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தாள். உருளைக்குப் பக்கவாட்டில், கயிறு எகிறாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

"அத பலகைலயே வைக்கலாம்யம்மா" என்றான் பொன்னுரங்கம். "யாரும் எடுத்துக்கினு போமாட்டாங்க."

"நீ இஞ்சினப் பாரு."

மேற்கே பச்சைக் கொடி அசைந்தது. கயிறு நிமிர்ந்தது. சூசை இறங்கி மணலில் கால் ஊன்றி நிற்கும் வரைக்கும் அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.